மெடிக்கல் சாமியின் கால்கள்

ஜனவரி 26, ஞாயிறு

கால் எப்போதெல்லாம் குடைகிறது, என்ன செய்தால் அடங்குகிறது என்று தினமும் எழுதி வரும்படி டாக்டர் செல்வநாயகி சொல்லியிருக்கிறார். மருந்துக்கடைக்காரன் வீட்டில் டைரிக்கா பஞ்சம்? கம்பெனிக்காரர்கள் கொடுத்ததில் தடிமனாக ஒன்றை எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் வாயுத் தொல்லைக்கு ஒரு விளம்பரம் இருக்கிறது. எழுத விஷயம் தீர்ந்தால் அதைப் படித்துக்கொள்ளலாம்.

டாக்டருக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் முறையாக ஆரம்பிக்கிறேன். பெயர் சேவுகமூர்த்தி. காரைக்குடியில் மருந்துக்கடை. பார்மசி படித்தவள் என் மனைவி மீனாள், லைசென்ஸும் அவள் பெயரில். நான் முதலாளி. அதாவது கல்லாவில் உட்கார்ந்து சில்லறை இல்லை என்று சொல்கிறவன். ஸ்கூட்டரிலிருந்து விழுந்து இடுப்பில் டிஸ்க் நகர்ந்தபோது பத்து நாளைக்கு டிரமடால் என்ற வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். வலி போய்விட்டது, மாத்திரை போகவில்லை. கைக்கு எட்டும் தூரத்தில் அலமாரி இருக்கையில் பத்து நாள் ஒன்றரை வருடமாக நீள்வதற்கு என்ன தடை? ஸ்டாக் இடிக்கிறதே என்று மீனாள் கேட்டபோது எலி தின்றிருக்கும் என்றேன். தகட்டைப் பிரித்து மாத்திரையை மட்டும் தின்னும் எலி. படித்தவளிடம் போய் இப்படி ஒரு பொய்.

டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்து நேற்றோடு நிறுத்திவிட்டார். இன்று கொட்டாவி, மூக்கு ஒழுகல், புல்லரிப்பு, வயிறு கடமுடா. அதெல்லாம் பரவாயில்லை. கால்தான். வலி என்றால் வாய்விட்டுத் திட்டவாவது செய்யலாம். இது வலி இல்லை. முழங்காலுக்குக் கீழே எலும்புக்குள் யாரோ கிச்சுகிச்சு மூட்டுகிறார்கள். உதறினால் ஒரு நொடி விடும், மறுபடி பிடிக்கும். ஒரே ஒரு மாத்திரை போட்டால் ஒரு மணி நேரத்தில் அடங்கிவிடும். அது எனக்கும் தெரியும், என் காலுக்கும் தெரியும்.

மீனாளுக்கும் தெரியும். காலையில் கஞ்சி கொடுக்கும்போது சொன்னாள்: "முடியாமப் போய் ஒண்ணு போட்டுட்டீங்கன்னா எங்கிட்ட சொல்லுங்க. மொதல்லேருந்து பாப்போம், அதுக்கு நான் கோவிக்க மாட்டேன். ஆனா இன்னொரு பொய் சொன்னீங்க, நானும் தேனுவும் எங்கப்பா வீட்டுக்குப் போயிருவோம். திரும்பி வரமாட்டோம்."

அவள் சத்தம் போட்டிருந்தால் எனக்குப் பயமே வந்திருக்காது. நிதானமாகச் சொன்னாள்.

ஜனவரி 28, செவ்வாய்

டாக்டர் சொன்னது: வெந்நீரில் காலை வை. வைத்தேன். வாளிக்குள் கால் ஆடி, தண்ணீர் கூடம் முழுக்கப் போனது. எண்ணெய் தடவு. தடவினேன். எண்ணெய்க் காலோடு எழுந்து நடந்து வழுக்கினேன். காபியைக் குறை. குறைத்ததில் தலைவலி. காலுக்குத் துணை கிடைத்தது.

மாமியார் பார்க்க வந்தார். சோபாவில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கையில் என் முழங்காலையே பார்த்தார். "உக்காந்த எடத்துல கால ஆட்டாதீங்க மாப்ள. குடும்பத்துக்கு ஆகாது."

"நான் ஆட்டலத்தே. அதுவா ஆடுது."

"அதத்தான் சொல்றேன், ஆகாது."

மீனாள் அடுப்படிக்குள் போய்ச் சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்டேன்.

ஜனவரி 29, புதன்

கால் நின்றால் எழுதுகிறேன்.

ஜனவரி 31, வெள்ளி

வயிறு அடங்கிவிட்டது, மூக்கும். கால் மட்டும் வாடகை பாக்கி வைத்த குடித்தனக்காரன் மாதிரி காலி செய்ய மறுக்கிறது. ஆனால் ஒன்று கண்டுபிடித்தேன். நடந்தால் குடைச்சல் இல்லை. நின்றால், உட்கார்ந்தால், படுத்தால் உண்டு. நடக்கும்வரை நான் மனிதன்.

அதனால் காலையிலிருந்து ஊரணியைச் சுற்றி வந்தேன். பந்தல் காண்ட்ராக்டர் வைரவன் பல் குச்சியோடு படியில் உட்கார்ந்திருந்தார். எங்கள் தெருப் பழனிப் பாதயாத்திரைக் குழுவுக்கு அவர்தான் குருசாமி. நான் பத்துத் தடவை கடந்து போவதைப் பார்த்துவிட்டு, "என்ன மெடிக்கலு, பாதயாத்திரைக்குப் பழகுறியளா?" என்றார்.

ஆமாம் என்று சொல்லிவிட்டேன். யோசித்துப் பார்த்தால், அதைவிட நல்ல யோசனை எனக்கு இந்த வருடம் தோன்றியதில்லை. கால் நடக்கணும் என்கிறது. பழனி இருக்கிறது. கூட்டி வைத்தால் என்ன?

டாக்டரிடம் போனில் கேட்டேன். செவ்வாய்க்கிழமை கிளம்புவதற்குள் மோசமான நாட்கள் தாண்டியிருக்கும் என்றார். தண்ணீர் நிறையக் குடி, ரத்தத்தில் இரும்புச்சத்து குறைவு, அதுவும் குடைச்சலைக் கூட்டும், இரும்பு மாத்திரையை விடாதே, கண்ட சளி மாத்திரையைப் போடாதே. கடைசியாக, "வேற யாரும் மருந்து குடுத்தா வாங்காதீங்க. உங்க ஒடம்புக்கு இப்ப பழைய பழக்கம் கெடையாது. பழைய அளவு போட்டா உசுருக்கே ஆபத்து" என்றார்.

சாயங்காலம் மாலை போட்டுக்கொண்டேன்.

பிப்ரவரி 3, திங்கள்

குருசாமியின் சட்டங்கள்: பச்சை வேட்டி, வெறும் தரை, வெறுங்கால். மாலை போட்டவர் யாராக இருந்தாலும் சாமி. பெண்டாட்டியும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். திரும்பி வரும்வரை அவள் கை சாமிமேல் படக்கூடாது.

"சாமி, ரேசன் கடைக்கு யாரு போவா?" என்கிறாள் மீனாள். சாமிதான் போனது. தேனு பத்தாவது படிக்கிறாள். "அப்பா சாமி, கணக்கு டீச்சர்கிட்ட கையெழுத்து வாங்கி வரச் சொன்னாங்க" என்று இருபத்தேழு மார்க்கை நீட்டினாள். சாமிக்குக் கோபம் வரக்கூடாதாம். நல்ல நேரம் பார்த்தாள்.

பிப்ரவரி 4, செவ்வாய். திருப்பத்தூர் போகும் வழி

விடியுமுன் பிள்ளையார் கோயில் வாசலில் கூடினோம். மீனாள் எங்கள் வீட்டு வாசலோடு நின்றுகொண்டாள், கடை திறக்க வேண்டும். தேங்காய் உடைத்து விபூதி பூசியபின் குருசாமி ஒரு நீலப் பையைத் தூக்கி எல்லோர் முன்னாலும் என் தோளில் மாட்டினார்.

"மருந்துப் பை. போன வருசம் யாருகிட்டக் குடுக்கன்னு அல்லாடுனோம். இந்த வருசம் நமக்குன்னே ஒரு மெடிக்கல் சாமிய முருகன் அனுப்பிட்டான். இனி என்னா கவலை?"

அரோகரா என்றார்கள். நானும் அரோகரா என்றேன். வேறு என்ன சொல்வது? வாங்கிக்கொண்டேன், மரியாதைக்குத்தான்.

குன்றக்குடியில் உட்கார்ந்தபோது பையைத் திறந்தேன். எங்கள் தெருவில் இதற்கு ஒரு பழக்கம் இருக்கிறதாம், எனக்கே இன்றுதான் தெரியும். அன்னதானத்துக்கு அரிசி கொடுக்க முடியாதவர்கள் வீட்டில் மிச்சம் கிடக்கும் மாத்திரைகளை நடக்கிற சாமிகளுக்குப் புண்ணியமாகக் கொடுத்துவிடுவார்களாம். சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, யாரோ ஒரு குழந்தையின் பூச்சி மருந்து, பாதி தீர்ந்த சொட்டு மருந்து, நாய்க்கடிக்குப் போட்ட ஏதோ ஒன்று. அவற்றின் நடுவே முழுசாக ஒரு அட்டை, பத்து மாத்திரை. என் பழைய கூட்டாளி. யார் வீட்டு ஆபரேஷனில் மிஞ்சியதோ.

பையை மூடிவிட்டேன்.

பிப்ரவரி 5, புதன். சிங்கம்புணரி

நடக்கிறவரை சொர்க்கம். தார் ரோட்டுக் கல் உள்ளங்காலில் குத்துகிறது, அதுகூட இதமாக இருக்கிறது. மற்றவர்கள் நிழலைக் கண்டால் உட்காருகிறார்கள். நான் நிழலைச் சுற்றி நடக்கிறேன்.

வழியில் ஒரு ஊரில் பெண்கள் குடத்தோடு நின்று, வருகிற சாமிகளின் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டார்கள். என் முறை வந்தது. கும்பிட வந்த அம்மாவுக்கு என் அம்மா வயதிருக்கும். நான் பின்வாங்கினேன். "நில்லுங்க சாமி, கால ஆட்டாம" என்று அவர் அதட்டிக் கும்பிட்டார். பத்து நாளாக நான் சபிக்காத நாளில்லாத கால். எனக்கு அழுகை வந்துவிட்டது. வெயில் என்று சொல்லித் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

மத்தியானம் பையைச் சுத்தம் செய்தேன். காலாவதியானது, பெயர் அழிந்தது, ஆளுக்கு ஆள் மாறக்கூடியது எல்லாவற்றையும் எடுத்து அப்புறப்படுத்தினேன். தைலம், பஞ்சு, காய்ச்சல் மாத்திரை, உப்புச் சர்க்கரைக் கரைசல் மட்டும் வைத்துக்கொண்டேன். கூட்டாளியை எடுக்க மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 6, வியாழன். நத்தம்

பையில் ஒன்றும் கனமில்லை. இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 7, வெள்ளி. கோபால்பட்டி

எனக்குப் பெரிய பக்திமான் என்று பெயர் வந்துவிட்டது. ராத்திரி கல்யாண மண்டபத்தில் எல்லோரும் வரிசையாகப் படுத்தோம். என் பக்கத்தில் துரைக்கண்ணு, ரிட்டையர் ஆன பஸ் கண்டக்டர். நான் தூக்கத்தில் உதைத்ததில் அவர் எழுந்து, "யாருய்யா டிக்கெட் வாங்கல?" என்று கேட்டாராம். அவர் தூக்கத்தைக் கெடுக்க வேண்டாம் என்று எழுந்து மண்டபத்தைச் சுற்றி நடந்தேன். காலையில் குருசாமி எல்லோரிடமும் சொல்கிறார்: "மெடிக்கல் சாமி கண்ணு மூடல. நம்ம சாமான் பூரா காவல் காத்தாரு. பக்தின்னா அது." இனி தினமும் காவல் நான்தானாம். வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை.

சாயங்காலம் மீனாள் போன் செய்தாள். கால் எப்படி, வயிறு எப்படி, இரும்பு மாத்திரை எப்படி. பிறகு, "தோள்ல ரொம்பச் சொமையா சாமி?" என்றாள்.

"என் பைதான். வேட்டி துண்டு."

என் தோளில் தொங்கும்வரை அது என் பைதானே. அதற்குள்ளும் ஒரு துண்டு இருக்கத்தான் செய்கிறது. இது பொய்யில் சேராது.

சேராது என்றுதான் நினைக்கிறேன்.

பிப்ரவரி 8, சனி. திண்டுக்கல் தாண்டி

எங்களோடு நடந்து வரும் இட்லிக்கடை பாண்டியம்மாள் அக்காவுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டு, "தைலமெல்லாம் எனக்கு எரும மேல மழ பேஞ்ச மாதிரி. அந்தப் பையில வெள்ள அட்டை ஒண்ணு கெடக்குல்ல, அதுல ஒண்ணு குடு சாமி. எம் மச்சான் ஆப்ரேசனுக்கு அதத்தான் போட்டாரு, ஒரே போடு, வலி பறந்துருச்சு" என்றார். அப்படியானால் கொடுத்த புண்ணியவதி இவர்தான்.

"அது சும்மா போடுற மாத்திரை இல்லக்கா. டாக்டர் சொல்லாமத் தரக்கூடாது."

"என்னாய்யா, நான் குடுத்த மாத்திரையவே எனக்குத் தரமாட்டேங்குறியே!"

எல்லோரும் சிரித்தார்கள். துரைக்கண்ணு, மெடிக்கல்காரன் ஓசியில் கொடுத்துப் பழக்கமில்லை என்றார். நான் தைலத்தைச் சூடு பறக்கத் தேய்த்து, துணி கட்டி, அக்காவைச் சாமான் வேனில் ஏற்றிவிட்டேன். பிறகு, வேறு யாரும் கேட்டுவிடக் கூடாது, கை தவறி யாரும் எடுத்துவிடக் கூடாது என்று அந்த அட்டையைப் பையிலிருந்து எடுத்து என் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். பாதுகாப்புக்கு.

பாதுகாப்புக்கு என்று எழுதியதை இப்போது திரும்பப் படித்தேன். எலி கதையே இதைவிடப் பரவாயில்லை.

பிப்ரவரி 10, திங்கள், விடியற்காலை. ஒட்டன்சத்திரம்

நேற்று எழுத முடியவில்லை. இன்று பழனி போய்ச் சேர்ந்துவிடுவோம், அதற்குள் எழுதிவிட வேண்டும். டாக்டரிடம் காட்டுகிற தாளில் இது இருக்க வேண்டும்.

நேற்று மத்தியானமே ஒட்டன்சத்திரம் வந்துவிட்டோம். குருசாமி எல்லோரையும் ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டார், எனக்கு மட்டும் விசேஷமாக. "காவல் காத்துக் காத்து மொகமே வாடிப்போச்சு. படுங்க சாமி. நடந்தீங்கன்னா எனக்குப் பாவம்." இரண்டு பேரைப் பக்கத்தில் உட்கார வைத்தார். நடக்க விடாமல் காவல். படுத்தேன். கால் பேயாட்டம் போட்டது. இதுவரை நடந்தே ஏமாற்றி வந்ததையெல்லாம் சேர்த்து வைத்துக் கேட்டது. கடைசியில் வயிறு சரியில்லை என்று சொல்லி எழுந்து பின்பக்கம் குழாயடிக்குப் போனேன்.

அங்கே ஒரு மாத்திரையைப் பிரித்தேன்.

உள்ளங்கையில் இருந்தது. இன்னொரு கையில் தண்ணீர் இருந்தது. ஒன்றே ஒன்று, பழனி வரை மட்டும், யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். அந்த நினைப்பு எனக்கு நன்றாகப் பழக்கம், ஒன்றரை வருடமாகத் தினமும் அதைத்தான் நினைத்தேன். தண்ணீர் பிடித்த கையை மாத்திரையின் மேல் கவிழ்த்துவிட்டேன். மாத்திரை நழுவிச் சாக்கடையில் போனது. வீரம் இல்லை. இன்னும் ஒரு நொடி யோசித்திருந்தால் விழுங்கியிருப்பேன், அதனால்தான் யோசிக்கவில்லை. மிச்சம் ஒன்பதையும் போட்டிருக்க வேண்டும். கை வரவில்லை. அட்டை மறுபடி சட்டைப் பைக்குள் போய்விட்டது.

இரண்டு மணி நேரம் கழித்து மண்டபத்து வாசலில் மீனாள் நின்றாள். கையில் கடைக்குக் கொண்டுபோகும் சாப்பாட்டுக் கூடைகூட இல்லை, வெறும் பர்ஸ். நேற்றுக் காலை குருசாமியின் மனைவி இருமல் மருந்து வாங்கக் கடைக்கு வந்தவர், "ஒங்க வீட்டுச் சாமிதான மருந்துப் பை தூக்குறாரு" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார். ஷட்டரை இறக்கிவிட்டு அப்படியே பஸ் ஏறியிருக்கிறாள்.

வாசலை ஒட்டிய சுவரோரம் போய் நின்றோம். நான்கு முழத் தூரம் விட்டு நின்றாள்.

"சாமி, ஒங்களத் தொடக்கூடாது. சட்டைப் பையத் தடவிப் பாக்கவும் முடியாது. நீங்க சொன்னா உண்டு, இல்லேன்னா இல்ல. இருக்கா?"

இல்லை என்று சொல்வது எவ்வளவு சுலபம். குழாயடி பின்பக்கம்தான், சொல்லிவிட்டுப் போய் அட்டையைச் சாக்கடையில் விட்டுவிட்டு வந்திருக்கலாம். என் வாய் இல்லை என்பதற்கே திறந்தது, பழக்கதோஷம்.

"இருக்கு" என்றேன்.

முந்தானையை விரித்துப் பிடித்தாள். அதில் போட்டேன். எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். அவள் முகம் செத்துவிட்டது.

"ஒண்ணு கொறையுது."

"பிரிச்சேன். இப்பத்தான், ரெண்டு மணி நேரமிருக்கும். போடல. சாக்கடையில விட்டுட்டேன்." சொல்லும்போதே எனக்குத் தெரிந்தது, இதைவிடக் கேவலமான பொய்யை யாராலும் ஜோடிக்க முடியாது. அது உண்மை என்பதுதான் கொடுமை. "பை விசயத்துல பொய் சொன்னேன், மீனா. அன்னைக்குப் போன்ல. அது பொய்தான். இது பொய் இல்ல. தேனு மேல சத்தியமா..."

"பிள்ளைய இழுக்காதீங்க. சத்தியமெல்லாம் ஒரு மூட்டை பாத்தாச்சு." கொஞ்ச நேரம் அந்த அட்டையையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு கீழே, என் காலைப் பார்த்தாள். "உக்காருங்க."

"என்னது?"

"அந்தப் படியில உக்காருங்க. கால அசைக்காம ஒரு அஞ்சு நிமிசம் உக்காருங்க, பாப்போம்."

உட்கார்ந்தேன். இரண்டு கையாலும் முழங்காலை அழுத்திப் பிடித்தேன். பல்லைக் கடித்தேன். முருகா என்றேன். ஒன்றும் நடக்கவில்லை. முதலில் இடது பாதம் துடித்தது, பிறகு வலது, பிறகு இரண்டு முழங்காலும் என் கைகளையும் சேர்த்துத் தூக்கி அடித்தன. சலங்கை மட்டும்தான் பாக்கி. மாத்திரை உள்ளே போயிருந்தால் இந்நேரம் அந்தக் கால் கல்லாகக் கிடந்திருக்கும். பார்மசி படித்தவளுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மீனாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, தோள் சிரிப்பில் குலுங்குகிறது.

வேனிலிருந்து நொண்டிக்கொண்டே இறங்கிய பாண்டியம்மாள் அக்கா என்னைப் பார்த்துவிட்டார். "ஆத்தாடி! மெடிக்கல் சாமிக்கு அருள் வந்துருச்சு!"

அவ்வளவுதான். உள்ளேயிருந்து மொத்தக் கூட்டமும் ஓடி வந்தது. யாரோ சூடம் கொளுத்தினார்கள். யாரோ என் தலையில் ஒரு பிடி விபூதியைக் கொட்டினார்கள். துரைக்கண்ணு கைகட்டி நின்று, பென்ஷன் பாக்கி எப்போது வரும் என்று கேட்டார். அருள் இல்லை, குடைச்சல் என்று நான் கத்தியது அரோகராவில் அமுங்கிப்போனது. குருசாமி பதறிக்கொண்டு என் முழங்காலைப் பிடித்து அமுக்க வந்தார்.

"விடுங்க குருசாமி, அமுக்காதீங்க" என்றாள் மீனாள். மாலை, சட்டம் எல்லாம் மறந்து, படியில் என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "ஆடட்டும். நல்லா ஆடட்டும்."